பேசாமல் நடப்பதாக ஒப்பந்தம்

ரயில் நிலையத்து விசாரணை கவுண்டரில் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லியே அவளுடைய பாதி ஆயுள் போயிருந்தது. தலைக்கு மேலே பலகையில் பெரிய பெரிய எழுத்தாக எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிமிர்ந்து பார்க்காமல், கண்ணாடியில் இருந்த வட்ட ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்து, "வண்டி எப்ப வரும்?" என்பார்கள். எந்த வண்டி என்று சொல்ல மாட்டார்கள். பெட்டியின் அளவையும் முகத்தின் பரபரப்பையும் வைத்தே அவள் எந்த வண்டி என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள். வண்டி தாமதமானால், ஏதோ அவள்தான் அதை வழியில் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது போலக் கத்துவார்கள். அதற்கும் அதே குரலில்தான் பதில். நல்ல குரல். அந்தக் குரலுக்காகவே அறிவிப்பு மைக்கையும் அவளிடம் கொடுத்தார்கள். "விசாரணை அக்கா" என்றால் டீ விற்பவர் முதல் நிலைய அதிகாரி வரைக்கும் தெரியும்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கிப்போயிற்று. "எப்படி இருக்கு?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தினமும் சாயங்காலம் போனில் முகம் காட்டிக் கேட்டான். கணவன் வேலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணிக் கேட்டான். "பரவாயில்லை" என்று சொன்னால் நம்பமாட்டார்கள். "முடியல" என்று சொன்னால் அவர்கள் முகம் விழுந்துவிடும். அப்புறம் அவர்களைத் தேற்றி அனுப்புவதும் இவள் தலையில்தான். ஆபரேஷன் ஆயிற்று, டிரிப்ஸ் ஏற்றியது ஆயிற்று, முடி கொட்டி முளைத்து மறுபடி கொட்டியது. மறுபடி கட்டி வந்தது. அதற்கு ஒரு மருந்து, அதுவும் கேட்கவில்லை. உடம்பு களைத்ததை விட, அதைப் பற்றிப் பதில் சொல்லியே அவள் அதிகம் களைத்துப்போயிருந்தாள்.

டாக்டர் அம்மாள் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "இப்போதைக்கு நிறுத்திடலாம். ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. கொஞ்ச நாள் உடம்பைத் தேத்திட்டு வாங்க, அப்புறம் வேற மருந்து பாக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்மா, அந்த மருந்து கட்டியைக் கரைக்கும்னு நான் சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் தள்ளிப்போடும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது டாக்டர்?"

"நல்லா சாப்பிடுங்க. ஓய்வா இருங்க."

"நடக்கலாமா?"

"தாராளமா."

"மலைக்கோயிலுக்கு நடக்கலாமா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த மலைக்குப் போகிறவர்களை அவள் வருஷக்கணக்காகப் பார்த்து வந்திருந்தாள். வாரக்கணக்கில் நடந்து போய்விட்டு, ரயிலில் திரும்பி வருவார்கள். புழுதி படிந்த கால், வெடித்த உதடு. கவுண்டருக்கு வந்து மெதுவான குரலில், வண்டியின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்பார்கள். தாமதம் என்றால் "சரிம்மா" என்று போய் ஒரு தூணோரம் உட்கார்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான். அவர்களில் ஒருவர்கூட இவளிடம் சத்தம் போட்டதில்லை. அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று இவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த "சரிம்மா"வை எங்கே போய் வாங்கினார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைப் பிளந்து வெளியே தூக்கி விடுகிற கை. பழுது என்று ஒன்று வந்தால் அதைச் சரி பண்ணாமல் அவனால் சாப்பிட உட்கார முடியாது. அவனிடம் சொன்னபோது குதித்தான்.

"நல்லா இருக்கிறவனே ரெண்டு மாடி ஏற மாட்டேங்கறான். உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? வேண்டுதலா?"

"இல்ல."

"நடந்தா சரியாயிடும்னு எவனாவது சொன்னானா?"

"யாரும் சொல்லல. சரியாகாதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப எதுக்கு?"

ஊருக்கே பதில் சொன்னவள் இதற்கு வார்த்தையைத் தேடினாள். "கொஞ்ச நாளைக்கு யாரும் என்னை எதுவும் கேக்காம இருக்கணும்," என்றாள் கடைசியில். அவன் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய், ஒழுகாத குழாயை இறுக்கிக்கொண்டிருந்தான்.

டாக்டர் கறாராகச் சில விஷயங்கள் சொன்னார். தனியாகப் போகக்கூடாது. வெயில் ஏறுமுன் நிறுத்திவிட வேண்டும். தெர்மாமீட்டர் கையில் இருக்க வேண்டும், காய்ச்சல் தலைகாட்டினால் அப்படியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பழைய மருந்தினால் அவள் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. பஞ்சின் மேல் நடப்பது போலத்தான் நடந்தாள். அதனால் தினமும் சாயங்காலம் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்.

கூட யார் போவது? கணவனுக்கு இருந்த விடுப்பெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ந்துவிட்டது. அப்போதுதான் நாத்தனார் வந்து நின்றார்.

கணவனுடைய அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்காத குறைதான். பேச்சே விசில் மாதிரி இருக்கும். இவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "குரல் ரொம்ப நல்லா இருக்கு, ரேடியோவில வேலைக்கு முயற்சி பண்ணலாமே," என்று சொல்லிவிட்டுப் போனவர். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இவள் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. இருவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஒரே சோபாவில் உட்கார்ந்தால் நடுவில் ஒரு தலையணை இருக்கும், அவ்வளவுதான்.

"நான் வரேன்," என்றார் நாத்தனார். "கிரவுண்டுலயே வளர்ந்த உடம்பு. இவளைத் தோள்ல போட்டுக்கிட்டுக்கூட நடப்பேன்."

"அக்கா, நீங்க வர்றதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நடக்கும்போது பேசக்கூடாது."

"என்னது?"

"பேசக்கூடாது. முக்கியமா, எப்படி இருக்குன்னு கேக்கவே கூடாது. எனக்கு முடியலன்னா நானே உக்காந்துடுவேன். நானும் உங்களை எதுவும் கேக்க மாட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு நடக்க நான் என்ன மாடா? மாடுகூட அப்பப்ப கத்தும்." நாத்தனார் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, போ. ஒப்பந்தம். சாப்பிடும்போதாவது பேசலாமா?"

"சாப்பாட்டைப் பத்திப் பேசலாம்."

பாதை ஊருக்கு வெளியே, கிடங்குகளின் பின்புறத்தில் ஆரம்பித்தது. சுண்ணாம்பு அடித்த கற்கள் வழிகாட்டின. முதலில் லாரிகள் போகிற சாலையோரம், அப்புறம் வாய்க்கால் கரை, அப்புறம் அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே ஒரு மண் தடம். விடியற்காலையில் கிளம்புவார்கள். வெயில் சுள்ளென்று ஆகுமுன் ஏதாவது ஒரு யாத்திரிகர் விடுதியில் போய் விழுவார்கள். விடுதி என்றால் நாலு சுவர், வரிசையாகக் கட்டில், வெளியே ஒரு குழாய்.

இவள் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுக்குத் தன்னைத்தானே கொண்டுபோய்ச் சேர்த்தாள். உட்காருவாள். வாயில் எப்போதும் ஒரு இரும்புச் சுவை. தண்ணீர் குடித்தால் அதுவும் இரும்பு. முதுகில் இருந்த பை லேசானதுதான், ஆனாலும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போலவே இருந்தது. மற்ற யாத்திரிகர்கள் கடந்து போவார்கள். வயதானவர்கள் போவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கடந்து போனாள். இவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். போட்டி போடத் தோன்றவே இல்லை. மறுபடி எழுவாள்.

ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியைத் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது போல அவள் குடித்தாள். கணவனுக்கும் மகனுக்கும் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்புவதோடு சரி. அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நாத்தனார் ஆரம்பத்தில் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை. எதையாவது பார்த்தால் வாய் திறக்கும், ஞாபகம் வந்து மூடும். ஒரு கொக்கைப் பார்த்து "ஏய்" என்று ஆரம்பித்துவிட்டு, இவள் திரும்பியதும் கொக்கிடம் பேசியது போல, "உன்னைத்தான்" என்று முடித்தார். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலித்தது. சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் சப்பாத்தியைப் பற்றியும் குழம்பைப் பற்றியும், ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசுகிற அளவுக்கு, விரிவாகப் பேசினார்.

ஒரு வாரம் போல ஆனதும் அந்தப் பேச்சும் குறைந்தது. நாத்தனார் பின்தங்கத் தொடங்கினார். முன்னால் போய் மதகில் உட்கார்ந்திருக்கும் இவள், அவர் வருவதைப் பார்ப்பாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறாரோ? வயசாச்சு, அசதியாக இருக்கும். கேட்க வாய் வந்தது. கேட்டால் ஒப்பந்தம் முறியும். அவர் திருப்பிக் கேட்பார். மறுபடி அந்தக் கேள்வி, மறுபடி பதில். வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

சாயங்காலங்களில் இவள் கட்டிலில் உட்கார்ந்து கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் தன் பாதத்தைப் பார்ப்பாள். ஒரு சின்னச் சிவப்பு இருந்தாலும் களிம்பு போடுவாள். எதிர்க் கட்டிலில் நாத்தனார் காலுறையைக் கழற்றாமலே படுத்துவிடுவார். குளிராது, ஆனாலும் கழற்ற மாட்டார். சுத்தபத்தமானவர் ஆயிற்றே, இதென்ன பழக்கம் என்று இவள் நினைத்ததோடு சரி.

மலை தூரத்தில் நீலமாகத் தெரிய ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் நாத்தனார் எழுந்திருக்கவில்லை.

எப்போதும் இவளுக்கு முன்னால் எழுந்து குழாயடியில் சத்தம் போடுகிறவர். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தார். இவள் நெற்றியில் கை வைத்தாள். தனக்கென்று வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். அப்புறம் போர்வையை விலக்கி, இடது காலுறையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து, மெல்ல உரித்தாள். நாற்றம் முதலில் வந்தது. சின்ன விரல் கறுத்து, அதன் அடியில் குழி விழுந்து சீழ் கட்டியிருந்தது.

"அக்கா! இது எத்தனை நாளா?"

நாத்தனார் கண்ணைத் திறந்து, "வலிக்கவே இல்லம்மா," என்றார். "அதான் விட்டுட்டேன்."

வலிக்கவில்லை என்ற சொல்லைக் கேட்டதும், அக்காவின் காலும் மரத்திருக்கிறது என்று இவளுக்கு விளங்கிவிட்டது. மரத்துப்போன கால் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியாதா?

அன்றைக்கு அவளுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு நினைத்துப் பார்த்தும் புரியவில்லை. சாலைக்கு ஓடினாள், ஓட்டம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பால் வண்டி ஒன்றை மறித்தாள். டிரைவர் தயங்கியபோது, அந்த மைக் குரலை எடுத்தாள். "ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்க வரணும். இப்பவே." வண்டி விடுதி வாசலுக்கு வந்தது. கேன்களுக்கு நடுவே நாத்தனாரைச் சாய்த்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி குலுங்கிய குலுக்கலில் இவள் வயிற்றுக்குள் எல்லாம் இடம் மாறிற்று.

சின்ன ஊர், சின்ன ஆஸ்பத்திரி. வரவேற்பில் இருந்த பெண் இவளுடைய தலைத்துணியையும் புருவமில்லாத முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு சக்கர நாற்காலியை இவள் பக்கம் தள்ளினாள்.

"எனக்கில்ல. அவங்கதான் பேஷண்ட்."

"நீங்க?"

"நான் கூட வந்தவ."

இரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. அதைச் சொல்லும்போது உடம்புக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

உள்ளே டாக்டர் கேட்டார். "இவங்களுக்குச் சுகர் எவ்வளவு வருஷமா இருக்கு?"

"சுகரா?"

"என்ன மாத்திரை எடுத்துக்கறாங்க?"

"தெரியாது."

"கால்ல எப்ப கொப்புளம் வந்தது?"

"தெரியாது டாக்டர்."

ராத்திரி பகல் கூடவே இருந்து, ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்து, இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள். ஒன்றுகூடத் தெரியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். எடுத்து முடித்து, மயக்கம் தெளிந்து, காய்ச்சலும் இறங்கிய மத்தியானத்தில் நாத்தனார் கஞ்சி வேண்டும் என்றார். இவள் ஸ்பூனால் ஊட்டினாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"நீதானே பேசக்கூடாதுன்னே."

"கால் அழுகினாலும் சொல்லக்கூடாதுன்னா சொன்னேன்?"

நாத்தனார் கஞ்சியை விழுங்கினார். கூரையைப் பார்த்தார். "கொப்புளம் வந்தப்பவே பாத்தேன். சுகர் வந்தே பல வருஷம் ஆச்சு. தம்பிக்குக்கூடத் தெரியாது. பி.டி. டீச்சருக்குச் சுகர்னா சிரிக்க மாட்டாங்களா? சரி, அதை விடு. உன் முன்னாடி வந்து எனக்குக் கால்ல புண்ணுன்னு எந்த வாயால சொல்றது? நீ வயித்துல அதை வச்சுக்கிட்டு நடக்கறே. நான் ஒரு கொப்புளத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காரவா? அசிங்கமா இருந்துச்சு."

இவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால், இவளுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து யாருமே தனக்குத் தலைவலி என்றுகூட இவளிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதை, அவர் நடக்க ஆரம்பித்த பிறகுதான் தற்செயலாகக் கேள்விப்பட்டாள். மகனுக்கு வேலையில் ஏதோ பிரச்சினை என்று குரலில் தெரியும், கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ எப்படி இருக்கே?" என்பான். எல்லாரும் கேட்டார்கள், கேட்டார்கள் என்று இவள் அலுத்துக்கொண்டாளே, இவள் யாரை என்ன கேட்டாள்? கேள்வியெல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்ததில் இவளுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

"இப்ப எப்படி இருக்கு அக்கா?" என்றாள்.

"வலிக்குது," என்றார் நாத்தனார். "இல்லாத விரல் வலிக்குது. அநியாயமா இருக்கு." அப்புறம் தயங்கி, "நான் கேக்கலாமா? உனக்கு?"

"முடியல அக்கா. முதுகு விட்டுப்போகுது. இந்த ஸ்பூனைத் தூக்கவே கை நடுங்குது."

"அப்ப குடு இப்படி, நானே குடிக்கறேன். எனக்குக் கை நல்லாத்தானே இருக்கு? நீயும் ஊட்டறே, நானும் மகாராணி மாதிரி வாயைத் திறக்கறேன்."

செய்தி கேட்ட கணவன், சம்பளமில்லாத விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். வார்டு வாசலில் நின்று பார்த்தான். அக்கா கட்டிலில், மனைவி நாற்காலியில், இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்து முதலில் பயப்படுவது என்று தெரியாமல் அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

நாத்தனாரின் மகளும் வந்துவிட்டாள். "ரெண்டு பேரையும் வண்டி வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றான் கணவன். உண்மையைச் சொன்னால் இவளுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது. மலை மீதிருந்த ஆசை எங்கேயோ ஒழுகிப்போயிருந்தது. சொந்தப் படுக்கையில் போய் விழுந்தால் போதும்.

நாத்தனார்தான் விடவில்லை. "இன்னும் கொஞ்ச தூரம்தான் இருக்கு. இவளைக் கூட்டிக்கிட்டு நீ நடந்து போயிட்டு வா. என்னைப் பாத்துக்க என் பொண்ணு இருக்கா."

"அக்கா, எனக்கே வேண்டாம்னு ஆயிடுச்சு," என்றாள் இவள்.

"உனக்கு வேண்டாம்னா சரி. என் விரலுக்கு என்ன மரியாதை? பாதி வழியில விட்டுட்டுப் போறதுக்காகவா அதைக் குடுத்தேன்?"

இவள் சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் இவளையும் ஒரு தடவை பார்த்து, ரத்தம் சோதித்து, "மெதுவா போறதுன்னா போங்க," என்றார். போவதா வேண்டாமா என்று எல்லாரும் இவள் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் இவளுக்காகப் பதில் சொல்லவில்லை. சரி, போகிறேன் என்றாள். அந்தச் சரியில் பக்தி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆரம்பித்ததை முடிக்கிற அலுப்புத்தான் இருந்தது.

கணவன் வேலைக்குப் போட்டு வந்த கனத்த ஷூவோடு நடந்தான். இவளுடைய பையையும் அவனே தூக்கிக்கொண்டான். அவனுக்கு மெதுவாக நடக்கத் தெரியவில்லை. நாலு எட்டு முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்ப்பான். பேசக்கூடாது என்று அக்கா மிரட்டி அனுப்பியிருந்ததால் பேசாமலே வந்தான். புளிய மரங்கள் வரிசையாக நின்ற ஒரு சாலையில், நிழல் பார்த்து இவள் உட்கார்ந்தபோது, அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"ஷூவைக் கழட்டுங்க, பாக்கறேன்."

"கால் நல்லா இருக்குடி."

"கால் நல்லா இருக்குன்னா வேற எது நல்லா இல்ல?"

அவன் ஷூ முனையால் மண்ணைக் கிளறினான். ஒரு லாரி போயிற்று. அதன் புழுதி அடங்கியது.

"நான் இப்ப உள்ள இறங்கறதில்ல," என்றான்.

"எங்க?"

"லிஃப்ட் ஓடற குழிக்குள்ள. நீ ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியில சேர்ந்தப்ப, ஒரு கட்டடத்துல ரெண்டு பேர் நடு மாடியில மாட்டிக்கிட்டாங்க. கயித்துல தொங்கிக்கிட்டு நான் கதவைத் திறக்கணும். கை நடுங்க ஆரம்பிச்சுது. நிக்கல. கூட வந்தவன்தான் என்னையும் சேத்து மேல இழுத்தான். மறுநாள் நானே போய்ச் சொல்லி, வேற வேலை கேட்டு வாங்கிக்கிட்டேன். ஆபீஸ்ல உக்காந்து, கம்ப்ளெய்ன்ட் போனை எடுக்கறேன்."

"தினமும் டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டுத்தானே போறீங்க?"

"மேசைக்கு அடியில வச்சுடுவேன்."

அவள் அவன் கையை எடுத்துப் பார்த்தாள். எப்போதும் நகக்கண்ணில் ஏறியிருக்கும் கிரீஸ் கறுப்பு இல்லை. கை வெள்ளையாக, வேறு யாருடைய கையோ போல இருந்தது. தினமும் இந்தக் கையிலிருந்துதானே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள்?

"ஏங்க சொல்லல?"

"உன்கிட்ட என்னன்னு சொல்றது? நீ போயிடுவேன்னு பயமா இருக்கு, அதனால கை நடுங்குதுன்னா?"

சொல்லிவிட்டு அவன் அழுதான். முகத்தை மூடாமல், மூக்கைத் துடைக்காமல், ஓட்டை விழுந்த குழாய் போல அழுதான். இவள் தேற்றவில்லை. தேற்றுகிற வார்த்தைகள் எல்லாம் கவுண்டர் காலத்திலேயே தீர்ந்துவிட்டன. "எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள், ஏனென்றால் நேராக உட்கார முடியவில்லை.

மலை பக்கத்தில் போனதும் சாதாரணமாகத்தான் இருந்தது. படிகள், படிகள், அதற்கு மேல் இன்னும் படிகள். "இங்க ஒரு லிஃப்ட் போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்," என்று கணவன் அண்ணாந்து பார்த்துத் தொழில்முறையில் இடம் குறித்தான். அவள் ஏறினாள், உட்கார்ந்தாள், ஏறினாள். சில இடங்களில் கையை ஊன்றி ஏறினாள். இறங்கி வந்த ஒரு கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

மேலே சந்நிதியில் கூட்டம் இல்லை. ஒருவர் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்து நின்றபோது என்ன கேட்பது என்று தோன்றவில்லை. கேட்டுக் கேட்டு மனிதர்களை அலுக்க வைப்பது எப்படி என்று இவளுக்குத் தெரியும்; அங்கேயும் போய் அதைச் செய்ய வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். ஈரம் படாத ஒரு சுவரோரம் உட்கார்ந்தாள். கல் குளிர்ச்சியாக இருந்தது. கணவன் தண்ணீர் வாங்கிக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள். அவன் எழுப்பவில்லை. கழுவிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக் கழுவிக்கொண்டு போனார்.

ஊர் திரும்பி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதிசயம் எதையும் இவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கையில் வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். டாக்டர் அம்மாள் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பலமான மருந்து, மறுபடி டிரிப்ஸ், மறுபடி வாந்தி. கிடைக்கிற நாள் கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம். இன்னொன்று மாத்திரை; உடம்பை அவ்வளவு படுத்தாது, ஆனால் அதிகம் தாங்காது.

"மாத்திரை போதும் டாக்டர்," என்றாள்.

கணவன் வாயைத் திறந்தான். எப்போதும் அந்த அறையில் அவன்தான் பேசுவான். திறந்த வாயை மூடிக்கொண்டு, அவளைப் பார்த்தான். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான். எனக்கு அலுப்பா இருக்குங்க. இருக்கிற தெம்பை வாந்தி எடுத்துத் தீர்க்க வேண்டாம்."

"சரி," என்றான்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். அதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு வாங்கிற்று. நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கணவன், அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் போய், குழிக்குள் இறங்க வேண்டாத ரிப்பேர் வேலை ஏதாவது கேட்கலாமா என்று இருப்பதாகச் சொன்னான். கை எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை, ஸ்குரூ முடுக்குகிற அளவுக்குப் பரவாயில்லை என்றான். அவர்கள் பஸ் வந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இது போகட்டுமே," என்றாள். அவன் டிரைவருக்குக் கையாட்டி, போகச் சொன்னான்.